எத்தனை நாள் என்று முதலில் கேட்ட வீடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் எழுதுவது பொருத்தமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை நிரந்தரமாகிவிட்டது, எனக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது, புத்தூர் வீட்டைக் காலி செய்கிறோம். அதனால் வேலையை விடுகிறேன். திருப்பதிக் கிளை மேனேஜர், போவதற்கு முன்னால் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

எப்படி விற்பது என்று எழுதமாட்டேன். அதைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், தவிர அதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் கிளையில் இருக்கிறார்கள். நாம் அதிகம் கொண்டுபோவது மருத்துவப் பரிசோதனை கேட்காத மருத்துவக் காப்பீடு. வயது குறைவாக இருந்தால் ரத்தம் எடுக்க வேண்டாம், டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து நம் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். தனியார் கம்பெனிகள் வந்த புதிதில் ஜனங்களுக்கு இது நம்ப முடியாத விஷயமாக இருந்தது. ஊசியே போடமாட்டீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எனக்கும் முதலில் இது லேசான வேலையாகத்தான் தெரிந்தது. போகப் போகத்தான் பயம் வந்தது. டாக்டர் பார்க்காத உடம்பை வேறு யாராவது பார்த்தாக வேண்டும், அந்த யாராவது நான்தான் என்று புரிந்ததும் வந்த பயம்.

நம் பக்கத்து ஜனங்கள் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தே இருந்தும் நான் ஆரம்பத்தில் ஏமாந்தேன். கார்வேட்டிநகரத்தில் ஒரு விவசாயி. நான் போனபோது வேர்க்கடலை மூட்டையைத் தனி ஆளாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உடம்பு எப்படி என்று கேட்டால், "ஏதோ ஓடுதும்மா, ஒடம்புன்னா ஆயிரம் இருக்கும்," என்றார். மூச்சு வாங்குமா என்றால், வாங்காம இருக்குமா என்றார். நான் அதை அப்படியே எழுதி அனுப்ப, ஆபீசில் அவரைச் சித்தூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்காக வந்தாய் என்று டாக்டர் கேட்டாராம், இவருக்குப் பதில் தெரியவில்லையாம். அவர் மனைவிதான் என்னைத் திட்டினாள். வாயைத் திறந்து நல்லா இருக்கேன்னு சொன்னா யாராவது நல்லா இருக்க வுடுவாங்களா, நீ படிச்ச பொண்ணுதான, இதுகூடத் தெரியாதா என்றாள்.

தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான். என் குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறான் என்று யாராவது சொன்னால் நான் உடனே, இல்லை, ரெண்டு நாளாகச் சளி என்று பொய் சொல்வேன். நல்லா இருக்கேன் என்று பளிச்சென்று யாரும் சொல்லாத ஊர்கள் நம்முடையவை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நான் அடுத்துச் சொல்லப்போவது விளங்கும்.

விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். மூத்த மகன் குவைத்தில் டிரைவர், மருமகளுக்கு இருபத்திரண்டு வயது, பாலிசி வேண்டும் என்று அந்த வீட்டிலிருந்தே ஆபீசுக்குப் போன் வந்திருக்கிறது. தானாக வருகிற வாடிக்கையாளர் நமக்கு அபூர்வம். புத்தூரிலிருந்து நீ போய் எழுதிக்கொண்டு வந்துவிடு, அரை மணி நேர வேலை என்று மேனேஜர் சொன்னார்.

அப்போது என் மகனுக்கு எட்டு மாதம். அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். அறுவடை முடிந்த காலம். தெருவெல்லாம் கடலைத் தோல் காற்றில் உருண்டுகொண்டிருந்தது. மத்தியான வெயில். ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள் போல, தெருவில் ஆளே இல்லை. வீட்டைக் கேட்டு விசாரிக்க ஒரு கதவைத் தட்டினேன். திறந்த பெண், ஒன்றும் பேசாமல் எதிர் வீட்டைக் கையால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் எந்த வீட்டைத் தேடுகிறேன் என்று சொல்லவே இல்லை. அது எனக்கு உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தாழ்வாரத்தில் பாய் போட்டு என்னை உட்காரவைத்தார். மிக மெதுவாகப் பேசினார். குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவோமே, அப்படி. நானும் என்னை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். எனக்குத் தண்ணீர் கொடுத்தார், ஊர் கேட்டார், பிறகு முதல் கேள்வியாக இதைக் கேட்டார்:

"எத்தினி நாளு ஆவும்மா, காடு வேல செய்ய?"

கார்டைத்தான் காடு என்றார், காப்பீட்டு அட்டையை. எல்லோரும் வருஷத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்தது எந்த ஆஸ்பத்திரி என்பார்கள். காத்திருக்கும் காலத்தைப் பற்றி நாமாகச் சொன்னால்கூடக் காதில் வாங்கமாட்டார்கள். விபத்து தவிர மற்றதற்கு முதல் ஒரு மாதம் எதுவும் கிடைக்காது என்று சொன்னேன். ஒரு மாசம் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்னிக்கே எழுதினா இன்னிக்கிலேர்ந்து கணக்கா என்றார். ஆபீசில் பதிவாகும் நாளிலிருந்து என்றேன். அப்படின்னா சீக்கிரம் எழுதிடு என்றார்.

மருமகளைக் கூப்பிடச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ பாலிந்தம்மா. புள்ள பொறந்து ஒரு மாசங்கூட ஆவல. உள்ள இருக்கறா. நீயும் பாலிந்ததான?"

பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிறவளை எங்கள் பக்கம் தெலுங்கில் சொல்வது போலப் பாலிந்த என்போம். எனக்குக் குழந்தை இருப்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பால் கொடுக்கிற இரண்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது, பார்த்தால் ஒருத்தியின் பால் இன்னொருத்திக்குப் போய்விடும் என்று சொல்வார்கள். நான் பட்டப்படிப்பு படித்தவள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க எனக்குப் பால் குறைகிறதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதனால், வேண்டாம் பார்க்க வேண்டாம் என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. அவர் என் முகத்தைப் படித்துவிட்டார். நீ இங்கிருந்தே கேளு, அவ அங்கிருந்தே சொல்லுவா என்றார்.

இடதுபக்கம் ஒரு அறை. கதவுக்குப் பதில் பழைய புடவை தொங்கியது. நேர் எதிரே பின்கட்டுக்குப் போகிற வழி, அதன் கதவு ஒருக்களித்திருந்தது. வீட்டுக்காரம்மா அந்த வழியை அடைத்தாற்போல உட்கார்ந்துகொண்டார். அந்தக் கதவு நிலையில் வேப்பிலை செருகி, கீழே வாசற்படியில் ஒரு அரிவாள் வைத்திருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் இரும்பு வைப்பது வழக்கம். ஆனால் மருமகள் இடது பக்க அறையில் இருக்கும்போது அரிவாள் ஏன் பின்கட்டுக் கதவில் இருக்கிறது? இந்தக் கேள்வி மனதில் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

கேள்விகளை ஆரம்பித்தேன். பெயர் மஞ்சுளா என்று புடவைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நல்ல கணீர்க் குரல். சர்க்கரை உண்டா? இல்லை. ரத்தக் கொதிப்பு? இல்லை. கை கால் வீக்கம்? இல்லை. நடந்தால் மூச்சு வாங்குமா? இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருந்தது. இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன்."

பேனா நின்றுவிட்டது. இரண்டு வருடமாக எத்தனையோ வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாதவள் நிச்சயம் சொல்லமாட்டாள்.

அந்த நேரத்தில்தான் குழந்தை அழுதது. பலமில்லாத அழுகை. பின்கட்டிலிருந்து வந்தது. பால் கொடுக்கிறவர்களுக்குத் தெரியும், எந்தக் குழந்தை அழுதாலும் நம் உடம்பு நம்மைக் கேட்காது. என் ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அந்தக் குழந்தையை முன்பின் பார்த்திராத எனக்கே இப்படி. புடவைக்குப் பின்னாலிருந்த குரலோ, அடுத்த கேள்வி கேளுங்க என்றது. அதே கணீர்க் குரல். ஒரு பிசிறு இல்லை.

குழந்தை அழுகிறதே, எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"அழட்டும்," என்றது குரல். பிறகு, "தானா நின்னுடும்."

அது சொன்னபடியே அழுகை நின்றது. நின்ற பிறகு அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது கேட்டது. மரம் அறுப்பது போல, இழுத்து, விட்டு, இழுத்து. அதுவும் பின்கட்டிலிருந்துதான். வீட்டுக்காரம்மா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்கிறது, எனக்குக் கேட்பதும் அவருக்குத் தெரிகிறது.

அப்போது எனக்குத் தோன்றியதையெல்லாம் இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. மஞ்சுளா என்று ஒருத்தி உயிரோடு இருக்கிறாளா என்று நினைத்தேன். போய்விட்டவளுக்குப் பாலிசி கேட்கிறார்களோ என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் எழுந்தேன். ஆளைப் பார்க்காமல் எழுத முடியாது என்று சொல்லிவிட்டால் போதும், அது விதிதான், யாரும் என்னைத் தப்பு சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்தக் குழந்தை மறுபடியும் அழுதது.

வீட்டுக்காரம்மாவிடம், பெரிம்மா, இந்தத் தாளில் ஆளை நேரில் பார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், முகத்தைப் பார்க்காமல் போடமாட்டேன் என்றேன். போன வாரம் வந்த ஆளு இதெல்லாம் கேக்கலியே என்றார் அவர். எனக்கு முன்னால் வேறு ஒருவர் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பாலிந்த பாலிந்தையைப் பார்க்கக் கூடாது என்று மறுபடியும் சொன்னார். இந்த இடத்தில் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் பேசியிருந்தால் அந்தக் கதவு எனக்குத் திறந்திருக்காது. அப்படிப் பேச எனக்கு வாயும் வரவில்லை, பாதி நம்புகிறவள் எப்படிப் பேசுவாள்? என் வீட்டில் இதற்கு ஒரு மாற்று செய்வார்கள். அதைச் சொன்னேன்.

"எங்க வீட்ல ரெண்டு பாலிந்த பாத்துக்கறதா இருந்தா ஊக்கு மாத்திக்குவாங்க பெரிம்மா. என்னுத அவங்களுக்குக் குடுக்கறேன், அவங்களுத நான் வாங்கிக்கறேன். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கத்தைச் சொல்லி என்னைத் தடுத்தவர், வழக்கம் விடுகிற வழியை எப்படித் தடுப்பார்? மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். நான் புடவை தொங்கிய அறைக்குப் போகவில்லை. அரிவாளைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன்.

கடலை மூட்டைகள் அடுக்கிய சின்ன அறை. ஜன்னலைச் சாக்கால் மூடியிருந்தார்கள். கண் பழக நேரமாயிற்று. தரையில் ஒரு பெண் உட்கார்ந்து, எதிரே இருந்த மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, அதன்மேல் கன்னத்தை வைத்திருந்தாள். கால் இரண்டும் ஊதிப் பளபளவென்று இருந்தன. அறுக்கிற சத்தம் அவள் மூச்சு. பக்கத்தில் முறத்தில் துணி விரித்துக் குழந்தை. பாலிசித் தாளில் ஒட்டப் பெரிம்மா கொடுத்திருந்த போட்டோவில் இருந்த பெண் இவள்தானா என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

குனிந்து ஊக்கைக் கொடுத்தேன். வாங்கின விரல் ஐஸ் போல இருந்தது, நகம் நீலம் பூத்திருந்தது. ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய், படுக்கலாமே என்றேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"படுத்தா மார்மேல யாரோ குந்திக்கிறாங்கக்கா. எழுந்து உக்காந்தா எறங்கிப் போயி அந்த மூட்ட மேல குந்திக்கினு என்னையே பாத்துக்கினு இருக்குது."

கையைத் தூக்க முடியாமல் கண்ணால் காட்டினாள். நானும் திரும்பிப் பார்த்தேன். அடுக்கின் மேல் மூட்டை ஒன்று மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல நடுவில் குழிந்திருந்தது. கடலை மூட்டை அப்படித்தான் குழியும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் என் உடம்பு அதை ஒப்புக்கொள்வதில்லை.

குழந்தையை எடுத்து என் மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை. அவளுக்கு மூச்சு விடவே தெம்பில்லை, எனக்குப் பால் வழிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அது குடித்த வேகத்தைப் பார்த்து மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டாள். பெரிம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு இளம்பெண் வந்து நின்றாள். பெரிம்மாவின் மகள் ரேவதி, மஞ்சுளாவின் நாத்தனார். புடவைக்குப் பின்னாலிருந்து எனக்குப் பதில் சொன்னவள் அவள்தான்.

குழந்தை குடிக்கிற நேரத்தில் பெரிம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்தே இப்படித்தானாம். காற்று பிடித்திருக்கிறது என்று தெருவுக்கே தெரிய மந்திரித்தார்கள். சரியாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கிளம்பின சமயத்தில் வேறொரு கம்பெனி ஏஜென்ட் வந்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் அட்டை இருந்தால் ராஜ மரியாதை என்றும், அட்டை வருவதற்கு முன்னால் எந்த ஆஸ்பத்திரியிலும் காலை வைக்கக் கூடாது, வைத்தால் அங்கே பதிவாகிவிடும், அப்புறம் அட்டை செல்லாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். திரும்ப வருகிறேன் என்றவர் வரவில்லை. அதனால் நம் ஆபீசுக்குப் போன் செய்தார்கள்.

"உனக்காவத்தாம்மா காத்துக்கினு இருந்தோம். ஆசுபத்திரி பக்கமே போவாம பொத்திப் பொத்தி வெச்சிக்கினு இருக்கறேன். இன்னும் ஒரு மாசம்தான?"

அவர் கெட்டவர் இல்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கணவரை மதராஸ் ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தவர். அதோடு நிலமும் போயிருக்கிறது. மருமகளை நல்ல ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இருட்டு அறையில் வைத்து, மெதுவாகப் பேசி, நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் வராது, எத்தனை மாதம் காத்திருந்தாலும் இதற்கு வராது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. யாருக்கும் தெரியாதே, ரேவதிதான பதில் சொன்னா என்றார். நான் எழுத மாட்டேன் என்று எழுந்து போனால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அந்த இன்னொருவருக்குப் போன் போகும். அவர் எழுதுவார். அவர் எழுதின நாளிலிருந்து இவர்கள் ஒரு மாதத்தை எண்ண ஆரம்பிப்பார்கள். நான் என் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு புத்தூருக்குப் போய் என் மகனோடு படுத்திருப்பேன். பாலிசியை எழுதாமல் விட்டதோடு என் வேலை முடிந்துவிடாது என்று அப்போதுதான் பட்டது. இவர்கள் காத்திருப்பதை நிறுத்த வேண்டும். அதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில் எந்தப் பெண்ணும் சொல்லக் கூடாத வாக்கியம். மஞ்சுளா கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

"காடு வேல செய்ய ஒரு மாசம் ஆவும் பெரிம்மா. இவங்க ஒரு மாசம் இருக்க மாட்டாங்க."

பெரிம்மா என்னை அடிக்க வருவது போலக் கையை ஓங்கினார். அப்புறம் அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார். மஞ்சுளா கண்ணைத் திறக்காமலே, "எனக்குந் தெரியும் அத்த," என்றாள். முதலில் அசைந்தது ரேவதி. அரிவாளைக் காலால் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

புத்தூர் வரைக்கும் மஞ்சுளா ஆட்டோவின் முன்கம்பியைப் பிடித்துக் குனிந்தபடியே வந்தாள். குழந்தை என்னிடம் இருந்தது. வழியில் பெரிம்மா ரேவதியின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் இன்னும் அட்டை ஆசையை விடவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, இது எத்தனை நாளாக இருக்கிறது என்று லேடி டாக்டர் கேட்டார். மஞ்சுளாவால் பேச முடியவில்லை. இன்னிக்கிக் காலையிலேர்ந்துதாம்மா என்றார் பெரிம்மா. டாக்டர் எழுதப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து அந்தக் கணீர்க் குரல் வந்தது. இந்த முறை புடவைக்குப் பின்னாலிருந்து இல்லை.

"பொய்ம்மா. புள்ள பொறந்த மூணாம் நாள்லேர்ந்து. படுத்தே தூங்கல. காலு வீங்கிக்கினே போவுது. நான்தான் அவளுக்குப் பதிலா நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து மஞ்சுளாவின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். சில பெண்களுக்குப் பிரசவத்தோடு இதயம் பலவீனமாகிவிடுமாம். தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளுமாம். படுத்தால் மார்மேல் யாரோ உட்கார்ந்தது போலத்தான் இருக்கும் என்றார். இன்று காலையிலிருந்து என்று நம்பியிருந்தால் ஆஸ்துமா என்று நினைத்து வேறு மருந்து கொடுத்திருப்பேன் என்றும் சொன்னார். ஆம்புலன்ஸில் திருப்பதி அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அட்டையும் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம்தான்.

மேனேஜரிடம் பாலிசி எழுதவில்லை என்றேன். நீ எழுதலைன்னா வேற ஆளு எழுதுவான் என்று சலித்துக்கொண்டார். முழுக் கதையையும் சொன்னேன். அதற்குப் பிறகு காத்திருக்கும் காலத்தைப் பற்றி முதலில் கேட்கிறவர்கள் யார் வந்தாலும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா என்று சொல்லித்தான் எங்களை அனுப்புகிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எழுதாமல் திரும்புவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நான் சரியான வார்த்தையைத்தான் சொன்னேனா, அதைக் கேட்டே அவள் பயந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது. வேறு வார்த்தை கிடைத்தால் நீங்கள் அதைச் சொல்லுங்கள்.

வேலையை விடுகிறேன் என்று முடிவான பிறகு அந்த வீட்டுக்கு ஒருமுறை போனேன். கதவு திறந்திருந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்ததும், மோர் குடிக்கறீங்களா என்று உள்ளேயிருந்து அந்தக் கணீர்க் குரல் கேட்டது. ரேவதிதான். மஞ்சுளா நடந்து வந்தாள். இளைத்திருந்தாள். ஆயுசுக்கும் மாத்திரை உண்டாம், இன்னொரு பிள்ளை பெறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ராத்திரி படுத்துத் தூங்குகிறாயா என்றேன். தூங்குகிறேன், ஆனால் மாமியார்தான் தூங்குவதில்லை, எழுந்து எழுந்து வந்து என் மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்க்கிறார் என்றாள். பெரிம்மா காதில் விழாதது போல முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

குவைத்திலிருந்து கணவன் லீவில் வந்திருந்தான். மஞ்சுளா நேராக விஷயத்துக்கு வந்தாள். இப்போது எனக்கு அட்டை கிடைக்குமா அக்கா என்று கேட்டாள். கேள்விகளுக்கு உண்மையைச் சொன்னால் கிடைக்காது என்றேன். யாருக்கு அது வேண்டுமோ அவர்களுக்கு அது இல்லை என்று சொல்கிற சங்கடத்துக்கு நீங்களும் பழக வேண்டியிருக்கும். நான் இன்னும் பழகவில்லை. அவள் எழுந்து உள்ளே போய், கணவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும் வந்தாள். வாசல் வெளிச்சத்தில் அவனை நிறுத்தினாள். குழந்தையின் சட்டையைக் கழற்றி, அதை என் மடியில் உட்காரவைத்தாள்.

"இவங்க ரெண்டு பேருக்கும் எழுதுக்கா. நல்லாப் பாத்துட்டே எழுது."